புதிய இனம் என்று எழுதும் முன் அதன் வாலைப் பாருங்கள்

மொரீசியஸ் மேட்டுநிலத் தமிழ்ப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கும், சனிக்கிழமைகளில் பிள்ளைகளை இயற்கை நடைக்கு அழைத்துப் போகும் பெற்றோர்களுக்கும்,

வணக்கம்.

வக்வாவில் ஒரு வீட்டுப் பூந்தொட்டியில் பிள்ளைகள் பிடித்த ஊதா நிறப் பூச்சியின் படம் போன வாரம் மூன்று பேர் வழியாக என் கைப்பேசிக்கு வந்து சேர்ந்தது. கீழே ‘மொரீசியஸில் புதிய இனம், நம் பிள்ளைகளின் கண்டுபிடிப்பு’ என்று போட்டிருந்தது. தைப்பூசக் காவடி மலரில் ஒரு பக்கம் ஒதுக்கி அதற்குப் பெயரும் சூட்டப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லாத ஒன்றைக் குனிந்து பார்த்த பிள்ளைகளை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஆனாலும் அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். மண் ஆய்வுக்கூடம் ஒன்றில் உதவியாளனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்தப் பூச்சிகளைக் கண்ணாடித் தகட்டில் ஏற்றியே பாதி ஆயுள் போயிற்று.

படத்தில் இருப்பது கொலம்போலா வகையைச் சேர்ந்தது. ஆங்கிலத்தில் ஸ்பிரிங்டெயில் என்பார்கள். கிரியோலில் எல்லாவற்றையும் ‘பெபெட்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோம். நான் துள்ளுவாலி என்று சொல்லிக்கொள்வேன். இதைவிட நல்ல சொல் உங்களிடம் இருந்தால் கொடுங்கள், எடுத்துக்கொள்கிறேன். ஆறு கால் இருந்தாலும் இன்றைய வகைப்பாட்டில் இது பூச்சியினத்தில் சேராது, வாய்ப்பழக்கத்தில்தான் பூச்சி என்கிறேன். வாயுறுப்புகள் தலைக்குள் ஒடுங்கியிருக்கும், வயிற்றில் ஆறே வளையங்கள். முதல் வளையத்தின் அடியில் ஒரு சிறு குழாய் தொங்கும். 1870இல் ஆங்கில இயற்கையியலாளர் ஜான் லப்பாக் இந்தக் குழாயைப் பார்த்துத்தான் பசை, முளை என்ற பொருள் தரும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து கொலம்போலா என்று பெயர் வைத்தார்.

உங்கள் படத்தில் முதுகுப்பக்கம், கடைசிக்குச் சற்று முன்னால் ஒரு வளையம் மட்டும் மற்றவற்றைவிட நன்றாக நீண்டிருக்கிறது. அது வயிற்றின் நான்காம் வளையம். அது அப்படி நீண்டிருந்தால் பெரும்பாலும் எண்டோமோபிரைடே குடும்பம். சரி, குடும்பம் வரைக்கும் படத்தை வைத்தே வந்துவிட்டோம். அதற்கு மேல் படம் வழி விடாது.

நம் ஊரில் வாழ்ந்து அழிந்துபோன பறவை டோடோவையே எடுத்துக்கொள்ளுங்கள். அதை வரைந்த ஓவியங்களுக்குக் குறைவில்லை. ஒன்றில் தொப்பை, ஒன்றில் ஒல்லி, ஒன்றில் வெள்ளை. அவற்றைப் பார்த்து அது தீக்கோழி வகை என்றும் கழுகு வகை என்றும் சொன்னவர்கள் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டில் மிஞ்சியிருந்த தலையையும் காலையும் ஸ்ட்ரிக்லண்ட், மெல்வில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எலும்பு எலும்பாக ஆராய்ந்து 1848இல் புத்தகம் போட்ட பிறகுதான் அது புறா வம்சம் என்பது உறுதியானது. 1865இல் மார் ஓ சோஞ்ஜில், அந்தச் சேம்புக் குட்டைச் சேற்றில், டோடோ எலும்புகளைக் கண்டெடுத்த ஜார்ஜ் கிளார்க் ஒரு பள்ளி ஆசிரியர். போர்ட் லூயி அருங்காட்சியகத்தில் ஒரே பறவையின் எலும்புக்கூடு ஏறக்குறைய முழுசாக நிற்கிறதே, அதைத் தேடிக் கொண்டுவந்த தீரியூ முடிதிருத்துபவர். ஆசிரியராலும் முடிதிருத்துபவராலும் ஆகாத வேலை இல்லை இது. அவர்கள் எலும்பைக் கொண்டுவந்து வைத்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

துள்ளுவாலிக்கு எலும்பு கிடையாது. எலும்பின் இடத்தில் வாலும் நகமும் மயிரும் இருக்கின்றன.

வாலைச் சொல்கிறேன். வயிற்றின் நான்காம் வளையத்தில் முளைத்து, அடிவயிற்றோடு ஒட்டி முன்பக்கம் மடங்கியிருக்கும் கவட்டை அது. மூன்றாம் வளையத்தில் இருக்கும் ஒரு பொடிக் கொக்கி அதைப் பிடித்து வைத்திருக்கும். கொக்கி விட்டதும் கவட்டை தரையை அடிக்கும், பூச்சி துள்ளித் தெறிக்கும். கவட்டையின் காம்பு மனூப்ரியம். அதிலிருந்து பிரியும் இரண்டு கைகள் டென்ஸ். ஒவ்வொரு கையின் நுனியிலும் கண்ணுக்கே தெரியாத ஒரு சின்ன உறுப்பு, மியூக்ரோ. பாதி வழக்கு அந்த நுனியில்தான் தீரும். எண்டோமோபிரையா பேரினத்தில் மியூக்ரோவுக்கு இரண்டு பற்கள், அடியில் ஒரு முள். சைரா பேரினத்திலோ அது அரிவாள் மாதிரி வளைந்த ஒரே பல்.

இதில் நானே மூக்குடைபட்டிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. காய்ந்த சருகில் கிடைத்த ஒன்றைத் தூரிகையால் நன்றாகத் துடைத்துச் சுத்தம் செய்து, உடம்பில் செதில் இல்லை, எண்டோமோபிரையா என்று எழுதிப் பெரியவரிடம் நீட்டினேன். அவர் ஒன்றும் பேசாமல் தகட்டை நுண்ணோக்கியின் எண்ணெய் வில்லைக்குக் கீழே வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார். வால் நுனியில் அரிவாள். செதில் இருந்திருக்கிறது, என் தூரிகைதான் அத்தனையையும் உதிர்த்திருக்கிறது. செதில் நின்ற குழிகள் முதுகெங்கும் வரிசையாகத் தெரிந்தன. அன்றிலிருந்து தூரிகையால் தொட்டுத் தூக்குவதோடு சரி, துடைப்பதில்லை.

அப்புறம் கண். துள்ளுவாலிக்குத் தலையின் ஒவ்வொரு பக்கத்திலும் அதிகபட்சம் எட்டுச் சிறுகண்கள். ஏ முதல் எச் வரை எழுத்துப் போட்டு வைத்திருக்கிறார்கள். சிலவற்றில் ஜியும் எச்சும் மட்டும் சிறுத்திருக்கும், சிலவற்றில் இல்லாமலே போகும். மண்ணுக்குள் ஆழத்தில் வாழும் வெள்ளை வகைகள் பலவற்றுக்குக் கண்ணே கிடையாது. அதுபோல நகத்தின் உள்விளிம்பில் எத்தனை பல், எதிரே இருக்கும் சின்ன நகத்தின் வடிவம் என்ன, முதுகில் எந்த மயிர் எந்த இடத்தில் நிற்கிறது என்பதையெல்லாம் எண்ணி வரைய வேண்டும். லாக்டிக் அமிலத்தில் ஊறவைத்து உடம்பைத் தெளிய வைத்தால்தான் இவை தெரியும். ஒரு பூச்சி போதாது. இளசுக்கு மயிர் குறைவு, முதிர்ந்த பிறகும் இது தோலுரித்துக்கொண்டே இருக்கும். ஐந்தாறையாவது பார்க்காமல் நான் வாய் திறக்க மாட்டேன்.

நிறம் வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. சில பேரினங்களில் முதுகுப் பட்டைகள் உதவும். ஆல்கஹாலில் போட்டால் நிறம் வெளுத்துப்போகும் என்பதால் உயிரோடு எடுத்த உங்கள் படத்தைப் பத்திரப்படுத்துங்கள். ஆனால் ஊதாவாக இருக்கிறது, இணையத்தில் தேடினால் இது மாதிரி வரவில்லை, ஆகவே புதிது என்பது நியாயமா? அதுவும் பூந்தொட்டியில்! அந்த மண் எந்த நர்சரியிலிருந்து வந்ததோ, அதற்கு முன் செடி எந்தக் கப்பலில் ஏறியதோ. தொட்டி மண்ணோடு உலகம் சுற்றும் துள்ளுவாலிகள் நிறைய. புதிதாக ஏதாவது கிடைக்க வேண்டுமானால் இந்தத் தீவில் 2 சதவீதம்கூட மிஞ்சாத நல்ல காட்டின் சருகில்தான் தேடுவேன். அதற்கும் அனுமதி வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும், தேசியப் பூங்காவிலிருந்து கைப்பிடிச் சருகுகூட எடுத்து வராதீர்கள்.

பெயர் சூட்டும் விஷயத்துக்கு வருகிறேன். விலங்குகளுக்குப் பெயரிட ஒரு பன்னாட்டு நெறி இருக்கிறது. பெயர் லத்தீன் எழுத்தில் இருக்க வேண்டும். மற்றவற்றிலிருந்து எதில் வேறுபடுகிறது என்று சொற்களில் விவரிக்க வேண்டும். 1999க்குப் பிறகு வெளியிடும் பெயர் என்றால், எந்த மாதிரியை அல்லது மாதிரிகளை வைத்துப் பெயரிடுகிறோம், அவை எந்தச் சேகரிப்பில் இருக்கின்றன என்றும் சொல்லியாக வேண்டும். விவரணை இன்ன மொழியில்தான் வேண்டும் என்று அந்த நெறியில் கட்டாயம் இல்லை. பரவலாகப் புரியும் மொழியில் எழுதுங்கள் என்று பரிந்துரைப்பதோடு நிறுத்திக்கொள்கிறது. நம் பிள்ளைகள் கவட்டை, கொக்கி, அரிவாள் பல் என்று தமிழிலேயே குறிப்பெடுத்து, ஒரு பத்தியை ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ சேர்க்கலாம். தடை ஏதுமில்லை. மலரில் போடும் ஒரு படமும் ஒரு வாழ்த்தும் மட்டும் கணக்கில் வராது.

ஆகவே மலரின் அந்தப் பக்கத்தை ரத்து செய்ய வேண்டாம், மாற்றுங்கள். பிள்ளைகள் நுண்ணோக்கியில் பார்த்து வரைந்த வாலும் நகமும் அதில் வரட்டும். தலைப்பில் ‘வக்வா பூந்தொட்டித் துள்ளுவாலி, எண்டோமோபிரைடே குடும்பம்’ என்று இருந்தால் போதும். அந்த அளவு உண்மை.

பிடித்தவற்றை ஆல்கஹாலில் போட்டிருந்தால் இடம், நாள், பிடித்தவர் பெயர் மூன்றையும் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். பால்பாயிண்ட் மை கரைந்துவிடும். ஒரு மழைக்கால உழைப்பை நான் அப்படித்தான் தொலைத்தேன். தொட்டியை யாரும் வெயிலில் வைக்க வேண்டாம், மண்ணைக் கொட்டவும் வேண்டாம். வருகிற சனிக்கிழமை தூறல் இருந்தாலும் நுண்ணோக்கியைத் தூக்கிக்கொண்டு வருகிறேன். ஒரு வெள்ளைத் தட்டும் மெல்லிய தூரிகை இரண்டும் எடுத்து வையுங்கள். துடைக்க அல்ல.

அன்புடன்,
மண் ஆய்வுக்கூடத்துப் பழைய உதவியாளன்,
கியூர்ப்பீப்