வால்வு சரிதான், வைத்த இடம்தான் தப்பு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சமையலறை சிங்க்கில் நாற்றம் வந்தால் குளோரோக்ஸ் வெளுப்புத் திரவம் ஊற்றச் சொல்லி வாசகி ஒருவர் எழுதியிருந்தார். நானும் இரண்டு மாதம் ஊற்றிப் பார்த்தவன்தான். வாடை போகவில்லை. வீட்டுக்காரம்மாவின் கைலியில் வெள்ளைப் புள்ளி விழுந்ததுதான் மிச்சம்.

தோட்டத்து லயத்தில் இருந்தவரை இந்தத் தொல்லையே இல்லை; பாத்திரம் கழுவிய தண்ணீர் நேரே வெளிக்கால்வாய்க்குப் போய்விடும். தாமான் குடியிருப்பு வீட்டுக்கு வந்து, தீபாவளிக்கு முன்பு சமையலறையைப் பின்பக்கம் இழுத்துக் கட்டினோம். சிங்க் இடம் மாறியது, குழாயும் நீண்டது. அன்றிலிருந்து தண்ணீர் இறங்கும்போதெல்லாம் 'களக் களக்' என்று சத்தம். காற்று கிடைக்காத குழாயில் இறங்கும் தண்ணீர், சிங்க்குக்கு அடியில் வளைவில் நிற்கிற தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். அந்தத் தண்ணீர்தான் சாக்கடை வாடைக்குப் பூட்டு.

குத்தகையாளர் ஒரு காற்று வால்வு பொருத்தினார். பார்க்க வெள்ளைத் தொப்பி மாதிரி, உள்ளே ஒரு ரப்பர் தட்டு. குழாய் இழுக்கும்போது தட்டு எழும்பிக் காற்றை உள்ளே விடும். இழுப்பு நின்றதும் தன் எடையிலேயே மூடிக்கொள்ளும். நல்ல சாமான்தான். ஆனால் மனிதர் அதைப் படுகுழாயோடு, அதாவது கிடையாக ஓடும் கழிவுக் குழாயோடு, ஒட்டிச் சாய்த்து வைத்து, கேபினட் பலகையை ஆணியடித்து மூடிவிட்டார். சிங்க் ஒருமுறை அடைத்துக்கொண்டபோது அரிசி கழுவிய தண்ணீரும் குழம்பு எண்ணெயும் வால்வுக்குள் ஏறிவிட்டன. அப்புறம் அது மூடவே இல்லை.

இரண்டாவதாக வந்தவர், செம்பனை ஆலையில் குழாய் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். பலகையைக் கழற்றி, ரப்பரில் படிந்திருந்த வழவழப்பை விரலால் வழித்துக் காட்டினார். "தம்பி, இது மூச்சு விடுற மூக்கு. சகதியில வைக்கலாமா?" என்றார்.

வால்வு படுகுழாயிலிருந்து குறைந்தது 4 அங்குலம் மேலே இருக்க வேண்டும்; அதற்கும் மேலே போக இடமிருந்தால் இன்னும் நல்லது. நேராக நிற்க வேண்டும். சுற்றிலும் காற்றுப் புக வேண்டும், பிற்பாடு கழற்றி மாற்றக் கையும் எட்ட வேண்டும். எங்கள் கேபினட்டில் இப்போது ஆணிக்குப் பதில் ஒரு சின்னக் கதவு. சத்தமும் இல்லை, வாடையும் இல்லை.

இதைக் கேள்விப்பட்ட எங்கள் வரிசைக்காரர் ஒருவர், கூரைக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த காற்றுக் குழாய் அசிங்கமாக இருக்கிறது என்று வெட்டி, அங்கேயும் இந்த வால்வைச் சொருகிவிட்டார். வால்வு காற்றை உள்ளேதான் விடும், வெளியே விடாது. சாக்கடைப் பக்கமிருந்து காற்று மேலே தள்ளினால் அது எந்த வழியாகப் போகும்? வீட்டுக்கு ஒரு குழாயாவது கூரைக்கு மேலே திறந்தபடி இருக்கத்தான் வேண்டும். இப்போது அவர் வீட்டுக் கழிவறைத் தண்ணீர் குமிழி விடுகிறதாம். நேற்று ஏணி இரவல் கேட்டு வந்தார், கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தாமான்வாசி ஒருவர்,
சுங்கை சிப்புட்