நம்ம சைக்கிள் சங்கத்தின் ஆண்டறிக்கை: லாரி ரோடும் கால்வாய்க் கரையும்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். மேடையில் வாசித்தால் ஐந்து நிமிடத்தில் முடிக்கச் சொல்லி மணி அடிப்பீர்கள் என்பதால் முழுசாக எழுதியே கொடுத்துவிடுகிறேன். படித்துவிட்டுக் கூட்டத்துக்கு வாருங்கள், சண்டை அங்கே போட்டுக்கொள்ளலாம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வைக்கிறார். பம்ப், பஞ்சர் சாமான், முதலுதவிப் பெட்டி தவிர பெரிய செலவு ஒன்றும் இல்லை. சந்தா பாக்கி யாருடையது என்று நான் எழுதப்போவதில்லை, அவரவருக்கே தெரியும்.

போன பொதுக்குழுவில் எடுத்த முடிவு ஞாபகம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் சென்னையிலிருந்து ஆந்திராப் பக்கம் போகும் ஜி.என்.டி. நெடுஞ்சாலையைப் பிடித்து கும்மிடிப்பூண்டி வரை மிதித்துத் திரும்புவது, நேரத்தை ஸ்ட்ராவா என்ற சைக்கிள் ஆப்பில் போடுவது, அதோடு தூங்கப் போவது என்றே ஓடிக்கொண்டிருந்தோம். இனி மாதத்தில் பாதியாவது பக்கிங்காம் கால்வாயை ஒட்டியும் அதன் பக்கத்து ஊர்கள் வழியாகவும் போகலாம் என்று பேசி முடித்தோம். இளவட்டங்களில் சிலர் "அங்கே என்ன ஸ்பீடு வரும்" என்று முணுமுணுத்தார்கள். வராதுதான். ஆனால் இந்த வருஷம் புதிதாகச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர், முக்கியமாகப் பெண்கள், இந்தக் கால்வாய்ப் பயணங்களைப் பார்த்துத்தான் வந்தார்கள் என்பதைச் செயலாளர் என்ற முறையில் பதிவு செய்துவிடுகிறேன்.

கால்வாயைப் பற்றிப் புதியவர்களுக்கு நான்கு வரி. 1806-இல் பேசில் காக்ரேன் என்பவர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டியதுதான் ஆரம்பம், அப்புறம் பழவேற்காட்டுக்கு நீட்டினார்கள், பிறகு ஆந்திரா வரைக்கும் போனது. 1877-78 தாது வருஷப் பஞ்சத்தில் கூலிக்கு ஆள் வைத்து அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் எட்டு கிலோமீட்டர் துண்டை வெட்டினார்கள். அப்போது கவர்னராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயர் அதனால் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கு ஆந்திராவில் 257, தமிழ்நாட்டில் 163 என்று மொத்தம் 420 கிலோமீட்டர். உப்பும் விறகும் படகில் வந்து இறங்கிய இடம் நம் பேசின் பிரிட்ஜ் பக்கம்தான், உப்பைக் கொட்டி வைத்த இடம் சால்ட் கோட்டர்ஸ். தினமும் ரயிலில் அந்த வழியாகப் போகிறோம், மூக்கைப் பிடித்துக்கொள்வதோடு சரி.

கரைமேலேயே பேசின் பிரிட்ஜிலிருந்து பழவேற்காடு வரை போய்விடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை வரை கரை என்று ஒன்று இருந்தாலும் வீடும் குப்பையும் சுவருமாக மாறி மாறி மறிக்கும், பாலத்துக்குப் பாலம் எட்டிப் பார்த்துவிட்டுத் தெருவுக்கே திரும்ப வேண்டும். எண்ணூர் முகத்துவாரத்தைத் தாண்டின பிறகுதான் கொஞ்சம் மண் பாதை, கொஞ்சம் கிராமச் சாலை என்று கால்வாயைக் கண்ணில் வைத்துக்கொண்டே போக முடிகிறது. 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தில் எண்ணெய் கலந்து இறங்கி, இந்தக் கால்வாய் வழியாகத்தான் முகத்துவாரத்துக்குப் போய் மீன்பிடி ஊர்களையெல்லாம் நாசம் செய்தது. அதனால் அங்கே நிறுத்தி செல்ஃபி எடுக்கும்போது கொஞ்சம் பார்த்து நடந்துகொள்ளுங்கள். வலை உலர்த்துகிற இடத்தில் சைக்கிளைச் சாத்தி வைத்துவிட்டுப் போஸ் கொடுத்ததற்கு ஒரு அக்கா நம் ஆட்களை வாங்கு வாங்கென்று வாங்கினார், அதில் தப்பே இல்லை.

இனி முள் விவகாரம். இந்த வருஷம் நம் நேரத்தை அதிகம் தின்றது வேறெதுவும் இல்லை, சீமைக்கருவேல முள்தான். கரை நெடுக அதுதான் மண்டிக் கிடக்கிறது. வெட்டிப் போட்ட கிளை காய்ந்தால் முள் ஆணி மாதிரி இறுகிவிடும். 25 எம்.எம். டயரை 100 பி.எஸ்.ஐ. காற்றோடு கொண்டுவந்தவர்கள் அத்திப்பட்டைத் தாண்டுவதற்குள் உட்கார்ந்துவிட்டார்கள். 32 எம்.எம். போட்டுக் காற்றைக் கொஞ்சம் குறைத்தவர்கள் பிழைத்தார்கள். பஞ்சர் ஆனதும் டியூபை மட்டும் மாற்றி உடனே காற்றடித்தால் புது டியூபும் போகும், ஏனென்றால் முள்ளின் தலை ஒடிந்து விழுந்திருக்கும், நுனி டயருக்குள்ளேயே நிற்கும். வெளியே பார்த்தால் ஒரு கறுப்புப் புள்ளிகூடத் தெரியாது. ஒரு பழைய பனியன் துணியை எடுத்து டயரின் உள்பக்கம் மெதுவாகச் சுற்றித் துடையுங்கள், எங்கே நூல் சிக்குகிறதோ அங்கே முள் இருக்கிறது, குறடால் உள்ளிருந்து பிடுங்கிவிடலாம். இதை நமக்குச் சொல்லிக் கொடுத்தவர் மீஞ்சூரில் ஒரு சைக்கிள் கடைப் பெரியவர். அவர் கேட்ட காசுக்கு மேலேயே கொடுத்துவிட்டு வந்தோம்.

அதோடு செயின். எண்ணூர்ப் பக்கத்து நிலக்கரித் தூளும் உப்புக் காற்றும் சேர்ந்து படிந்தால் வியாழக்கிழமைக்குள் செம்மண் நிறத்துக்குத் துரு ஏறிவிடும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, காய்ந்த பிறகு எண்ணெய் விடுங்கள். ஈரத்தோடு எண்ணெய் விட்டுவிட்டு எனக்கு போன் செய்யாதீர்கள்.

ஊர்களுக்கு வருகிறேன். பௌர்ணமியில் மூன்று அம்மன் பயணம் போனோம். காலையில் மேலூர் திருவுடையம்மன், உச்சி வேளைக்குத் திருவொற்றியூர் வடிவுடையம்மன், சாயங்காலம் திருமுல்லைவாயில் கொடியிடையம்மன், வழக்கப்படி ஒரே நாளில் மூன்று தரிசனம். வழக்கமாக ஷேர் ஆட்டோவிலும் வேனிலும் போகிறவர்கள் நம்மைப் பார்த்து "காலாலேயா?" என்று கேட்டார்கள். கோயிலில் ஈடுபாடு இல்லாத தம்பிகளும் வந்தார்கள், யாரும் யாரையும் உள்ளே வரச் சொல்லவில்லை, வெளியே சைக்கிளைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைத்தது. மகிழ மரத்தடியில் சங்கிலியாருக்குப் பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு ஒற்றியூரை விட்டுக் கிளம்பிய சுந்தரர், எல்லையைத் தாண்டினதும் கண்ணிழந்து முல்லைவாயில் பக்கமாகத்தான் நடந்தார் என்பது கதை. மணலியில் லாரிப் புழுதி நடுவே மிதித்தபோது நமக்கும் கிட்டத்தட்ட அதே நிலைமைதான், சத்தியம் எதையும் மீறாமலேயே. திருமுல்லைவாயிலில் சன்னதிக்கு முன்னால் நிற்கிற அந்த இரண்டு எருக்கந்தூண்களைப் பார்க்காதவர்கள் அடுத்த முறை பார்த்துவிடுங்கள். சாமிக்கு முதுகு காட்டி நிற்கிற நந்தியும் அங்கேதான்.

பொன்னேரிக்குச் சித்திரையில் சந்திப்புத் திருவிழாவுக்குப் போனோம், அகத்தீஸ்வரரும் கரிகிருஷ்ணப் பெருமாளும் எதிரெதிரே வருகிற நாள். கூட்டத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்ததுதான் மிச்சம். இனி திருவிழா நாளில் பொன்னேரி வேண்டாம், சாதாரண நாளில் போனால் ஆரணியாற்றுப் பக்கம் நிழலில் உட்கார்ந்து சாப்பிடவாவது முடியும்.

பழவேற்காடுதான் இந்த வருஷத்தின் பெரிய பயணம். போக வர நூறு கிலோமீட்டருக்குப் பக்கத்தில் வரும். காட்டுப்பள்ளி, காளாஞ்சி, கருங்காலி வழியாகக் கடலுக்கும் கால்வாய்க்கும் நடுவே போகலாம் என்று ஒரு கோஷ்டி, மீஞ்சூர், பொன்னேரி, திருப்பாலைவனம் வழியாகப் போகலாம் என்று இன்னொரு கோஷ்டி. கடலோர வழியில் மணல் ஏறி ரோடு மூடிக்கிடக்கும், அதில் ரோடு சைக்கிள் உருளாது, தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். பொன்னேரி வழியையே பிடித்தோம். டச்சுக்காரர்கள் 1613-இல் கட்டிய கெல்டிரியா கோட்டை என்று கேட்டுக்கொண்டு போனால் அங்கே அகழியும் மேடும் புதருமே மிச்சம். கோட்டையைப் பார்க்கத்தானே வந்தோம் என்று சிலர் சோர்ந்துவிட்டார்கள். ஆனால் கல்லறைத் தோட்டத்து வாசலில் இரண்டு பக்கமும் எலும்புக்கூடு செதுக்கி வைத்திருக்கிறார்களே, அதன் முன்னால் எல்லாருமே நின்றுவிட்டார்கள். சின்னப் பள்ளிவாசலில் தொழுகை நேரம் பார்க்க வைத்த சூரியக் கடிகாரத்தையும் அனுமதி கேட்டுப் பார்த்தோம், அங்கிருந்த பாய் ஒருவர் பொறுமையாக நிழலைக் காட்டி விளக்கினார். வெளியே வந்தால் பனையோலைக் கூடை பின்னுகிற பெண்கள். கேரியர் இல்லாத சைக்கிளில் கூடையை எப்படிக் கட்டுவது என்பது தனிக் கலை.

இந்தப் பயணத்தை மார்கழி, தை மாதங்களில் வைப்பதற்கு, அப்போது பழவேற்காட்டு ஏரிக்கு வரும் பூநாரை மட்டும் காரணம் இல்லை. கோடையில் மத்தியானத்துக்கு மேல் தென்கிழக்கிலிருந்து கடல்காற்று அடிக்கும், திரும்பி வரும்போது களைத்துப்போன கால்களோடு அதை எதிர்த்து மிதிக்க வேண்டும். மார்கழியில் வாடைக்காற்று, விடியற்காலையில் தெம்பாக இருக்கும்போது எதிர்க்கிறது, வெயில் ஏறித் திரும்பும்போது முதுகைத் தள்ளிவிடுகிறது. வைகாசியில் வைக்கச் சொல்லிக் கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.

விபத்து ஒன்றுதான், ஆனால் ஒன்றே அதிகம். டி.பி.பி. ரோட்டில் (திருவொற்றியூர்-பொன்னேரி-பஞ்செட்டி சாலை) இடது பக்கம் திரும்பிய டிரெய்லருக்கும் நடைபாதைக் கட்டைக்கும் நடுவில் நம் உறுப்பினர் ஒருவர் மாட்டி விழுந்து காரை எலும்பு முறிந்தது. இப்போது நன்றாக இருக்கிறார், கூட்டத்துக்கும் வருவார். கண்டெய்னர் வண்டி திரும்பும்போது முன்பக்கம் அகலமாகப் போகும், பின்சக்கரங்கள் உள்ளே வெட்டிக்கொண்டு வரும், அந்த இடைவெளி முதலில் பெரிதாகத் தெரிந்து பிறகு சுருங்கிவிடும். சிக்னலில் டிரெய்லருக்கு இடது பக்கம் நுழையவே கூடாது. பின்னால் நில்லுங்கள், இரண்டு நிமிடம் போனால் போகட்டும். எர்ணாவூரிலிருந்து மணலி புதுநகர் வரை விடிவதற்கு முன்பே தாண்டிவிடும்படி கிளம்பும் நேரம் இனி காலை 4.30. பின்னால் சிவப்பு விளக்கு, ஹெல்மெட் இரண்டும் இல்லாதவர்களை வீட்டுக்கு அனுப்ப வழிநடத்துநருக்கு அதிகாரம் உண்டு, தலைவராக இருந்தாலும் சரி.

கூட்டத்தில் ஓட்டுக்கு வருகிறவை: கால்வாய்க் கரையில் நடக்கவும் மிதிக்கவும் ஒரு பாதை விடச் சொல்லி மனு கொடுப்பது, கரையில் குடியிருப்பவர்களை அகற்றச் சொல்லும் வார்த்தை எதுவும் அதில் இருக்கக் கூடாது என்பது என் தனிக் கருத்து. அப்புறம், பழவேற்காட்டில் ஒரு இரவு தங்கலாமா என்பது. கடைசியாக, பஞ்சர் பெட்டியைச் சுமக்க ஆள் வேண்டும். இதுவரை சுமந்தவர் இனி முடியாது என்று சொல்லிவிட்டார், பெயர் கொடுப்பவர்கள் கூட்டத்துக்கு முன்பே என்னிடம் கொடுத்துவிடுங்கள்.

செயலாளர்