வெறுங்கால்மீது போட்ட பழி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் வரலாறு பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையில், 'வெறுங்காலுடன் ஆட ஃபிஃபா (உலகக் கால்பந்து அமைப்பு) தடை போட்டதால் 1950 உலகக் கோப்பையிலிருந்து இந்தியா விலகியது' என்ற பழைய கதை மறுபடியும் தலைகாட்டியிருக்கிறது. கேட்கச் சுவையான கதைதான். ஆனால் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் நிற்காது.

1948 லண்டன் ஒலிம்பிக்கிலிருந்து தொடங்குவோம். ஜூலை 31, இல்ஃபோர்டு மைதானம், எதிரணி பிரான்ஸ். இந்திய அணியில் பெரும்பாலோர் பூட்ஸ் போடவில்லை. பாதத்தில் துணிப்பட்டை சுற்றிக்கொண்டு ஆடினார்கள். பிரான்ஸ் முதல் கோல் போட, 70-ஆவது நிமிடத்தில் பெங்களூரைச் சேர்ந்த சாரங்கபாணி ராமன் சமன் செய்தார். கிடைத்த இரண்டு பெனால்டிகளும் வீணாயின. 89-ஆவது நிமிடத்தில் விழுந்த கோலால் 2-1 என்று தோற்றோம். வெறுங்காலைக் காட்டி எந்த நடுவரும் யாரையும் வெளியே அனுப்பவில்லை.

அன்றைய நான்காம் ஆட்ட விதியும் பூட்ஸ் கட்டாயம் என்று சொல்லவில்லை. போட்டால் அது எப்படி இருக்க வேண்டும் என்பதைத்தான் பேசியது: அடியில் உள்ள குமிழ்கள் எவ்வளவு அகலம், எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கலாம், இப்படி. எதிரியின் காலைக் கிழிக்காமல் இருப்பதற்கான விதி அது.

இன்னும் வலுவான சான்று 1952 ஹெல்சின்கி. 1950-இல் ஃபிஃபா தடை போட்டிருந்தால், இரண்டே வருடம் கழித்து அதே விதிகளின் கீழ் நடந்த ஒலிம்பிக்கில் நம்மவர் சிலர் எப்படி வெறுங்காலுடன் இறங்கினார்கள்? யூகோஸ்லாவியாவிடம் அன்று 10-1 என்று வாங்கிக் கட்டிக்கொண்டோம். காய்ந்து இறுகிய தரையில் வெறுங்கால் பந்தைத் துல்லியமாக உணரும். ஈரப் புல்லில் பிடிமானம் போய்விடும், நீர் குடித்த தோல் பந்து கல்லாய்க் கனக்கும். அந்தத் தோல்விக்குப் பிறகுதான் பூட்ஸைக் கட்டாயமாக்கினார்கள். ஆக்கியது நமது சம்மேளனம், ஃபிஃபா அல்ல.

சரி, 1950-இல் நடந்தது என்ன? தகுதிச் சுற்றில் பர்மா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் மூன்றும் ஒதுங்கியதால் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் நமக்கு இடம் கிடைத்தது. சுவீடன், இத்தாலி, பராகுவே இருந்த பிரிவில் சேர்க்கப்பட்டோம். பயணச் செலவில் பெரும்பகுதியைத் தாங்கள் ஏற்பதாகப் பிரேசில் அமைப்பாளர்கள் சொன்னார்கள். அப்படியும் சம்மேளனம் போகவில்லை. அது சொன்ன காரணங்கள், அணித் தேர்வில் கருத்து வேறுபாடு, பயிற்சிக்கு நேரமில்லை என்பவை. அதாவது பூட்ஸ் என்ற பேச்சே இல்லை. உள்நாட்டில் அப்போது ஆட்டம் 70 நிமிடம்தான். 90 நிமிடத்துக்கு ஆட்களைத் தயார் செய்ய மாதக்கணக்கில் வேண்டும், அந்த வேலை தொடங்கவேயில்லை. ஒலிம்பிக்கே உச்சம், உலகக் கோப்பை யாருக்கு வேண்டும் என்ற மனநிலையும் சேர்ந்துகொண்டது. நியாயமாகச் சொன்னால் அந்த அலட்சியம் நம்மிடம் மட்டும் இருந்ததல்ல. ஸ்காட்லாந்தும் துருக்கியும் பிரான்சும்கூட வரவில்லை, 16 இடங்களில் 13 அணிகளே ஆடின. ஆனால் முடிவு நிர்வாகிகளின் மேஜையில் எடுக்கப்பட்டது. பழி மட்டும் ஆட்டக்காரர்களின் காலில் போய் விழுந்தது.

அதே கட்டுரையில் இன்னொரு குழப்பம். 1893 என்பது சம்மேளனம் பிறந்த ஆண்டு அல்ல. அந்த ஆண்டு கல்கத்தாவில் தொடங்கியது இந்தியன் ஃபுட்பால் அசோசியேஷன். பெயரில் இந்தியா இருந்தாலும் அதன் வேர் வங்காளத்தில். நாடு முழுவதற்கும் அதுவே பேசுவதா என்று மற்ற மாகாணங்கள் முறைத்துக்கொண்டே இருந்தன. கடைசியில் 1937 ஜூன் 23 அன்று சிம்லாவில் ராணுவத் தலைமையகத்தில் ஆறு வட்டாரங்களின் பிரதிநிதிகள் கூடி ஒத்துக்கொண்ட பிறகே அகில இந்திய அமைப்பு உருவானது. ஃபிஃபாவில் உறுப்பினரானது 1948. சந்தோஷ் கோப்பை 1941-இலேயே தொடங்கிவிட்டது, மாநில அணிகளுக்காக. கிளப்புகளுக்கான தேசிய லீக்? 1996. சம்மேளனம் பிறந்து 59 வருடம் கழித்து! 1951, 1962 ஆசிய விளையாட்டுத் தங்கங்களும் 1956 மெல்போர்ன் ஒலிம்பிக் நான்காம் இடமும் லீக் இல்லாத இந்தக் காலியிடத்துக்கு நடுவே வந்தவை. அவற்றில் பயிற்சியாளர் ரஹீமின் பங்கு பெரிது. அலுவலகத்தின் பங்கைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

2022 இடைநீக்கத்தையும் கட்டுரை 'ஃபிஃபாவின் கோபம்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. அது கோபம் அல்ல, விதிமீறல் வழக்கு. பிரஃபுல் படேல் தலைவராக இருந்த பொறுப்புக் காலம் 2020 டிசம்பரிலேயே முடிந்துவிட்டது. 12 ஆண்டுக்கு மேல் தலைவர் பதவி கூடாது என்பது அன்றைய தேசிய விளையாட்டு நெறிமுறை. ஆனால் சம்மேளனத்தின் அமைப்பு விதிகள் நீதிமன்றத்தில் இருக்கின்றன என்று சொல்லித் தேர்தல் தள்ளிப்போனது. 2022 மே 18-இல் உச்ச நீதிமன்றம் மூவர் நிர்வாகக் குழுவை அமர்த்தியது. மாநிலச் சங்கங்களின் 36 வாக்குகளுக்குச் சமமாக முன்னாள் ஆட்டக்காரர்களுக்கும் 36 வாக்குகள் என்ற ஏற்பாட்டை ஃபிஃபா ஏற்கவில்லை. ஆகஸ்ட் 15 அன்று 'மூன்றாம் தரப்புத் தலையீடு', அதாவது சம்மேளன நிர்வாகத்தில் வெளியார் குறுக்கீடு, என்று இடைநீக்கம். தாஷ்கண்ட் வரை போய்ச் சேர்ந்திருந்த கோகுலம் கேரளா மகளிர் அணி ஆசியப் போட்டியில் ஆடாமலே திரும்பியது. அக்டோபரில் இங்கே நடக்கவிருந்த 17 வயதுக்குட்பட்ட மகளிர் உலகக் கோப்பையும் ஊசலாடியது. ஆகஸ்ட் 22-இல் நீதிமன்றம் குழுவைக் கலைத்து, வாக்காளர் பட்டியலை மாநிலச் சங்கங்களோடு நிறுத்தியது. 26-இல் இடைநீக்கம் விலகியது. செப்டம்பர் 2 தலைவர் தேர்தலில் முன்னாள் இந்திய அணித் தலைவர் பாய்ச்சுங் பூட்டியாவுக்கு ஒரே வாக்கு, எதிர்த்து நின்ற கல்யாண் சௌபேவுக்கு 33. வாக்கு யார் கையில் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு கிடைக்காது.

கட்டுரையோடு அச்சான, துணிப்பட்டை கட்டிய கால்களின் படத்துக்குக் கீழே '1950' என்று போட்டிருக்கிறீர்கள். 1950 உலகக் கோப்பையில் எடுத்த இந்திய அணிப் படம் என்று ஒன்று இருக்கவே முடியாது, நாம்தான் போகவில்லையே. திருத்தம் வெளியிடும்போது அந்த ஆண்டையும் சேர்த்துத் திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கால்பந்து வாசகர்