நீ சொன்ன நாடகத்தைப் பார்த்தோம்

என் அன்புச் சிநேகிதிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் ஏதாவது ஒரு வேலை. மாமிக்கு நெஞ்சுச் சளி கட்டி ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தேன், அப்புறம் நாலு நாள் விடாத மழை, கரண்டும் இல்லை. இப்போது மாமி தேறிவிட்டார், வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து வல்லாரை ஆய்கிறார். டொரொண்டோவில் குளிர் எப்படி? அண்ணனுக்கு முழங்கால் வலி குறைந்ததா?

சரி, நாடக விஷயத்துக்கு வருகிறேன். "வென் கால்ஸ் த ஹார்ட்" என்ற இங்கிலீஷ் டிவி நாடகத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டிருந்தாய். சின்னவள் லேப்டாப்பில் போட்டுவிட்டு ஒவ்வொரு காட்சியையும் தமிழில் சொல்லச் சொல்ல, நானும் மாமியும் பேத்தியும் ஒரே போர்வைக்குள் உட்கார்ந்து பார்த்தோம். 2014இல் தொடங்கி இன்னும் ஓடுகிறதாமே. முதல் சீசன்தான் முடித்திருக்கிறோம். ஆனால் அதைப் பற்றி உன்னிடம் நிறையப் பேச வேண்டும்.

நாங்கள் இதற்கு முன் ராத்திரியில் பார்த்தது எல்லாம் உனக்குத் தெரிந்த இந்தியா சீரியல்கள்தான். நெற்றி நிறையக் குங்குமம், பெரிய பூஜையறை, மணி அடிக்கிறது, அதே கையால் மருமகளின் பாலில் ஏதோ கலக்கிறார்கள். ஒருநாள் பேத்தி கேட்டாள், "அம்மாயி, அந்த ஆன்டி சாமி கும்பிட்டுட்டுத்தானே விஷம் வச்சாங்க, அப்ப சாமி ஒண்ணும் சொல்லாதா?" எட்டு வயசுப் பிள்ளை. எனக்கு வாயே வரவில்லை. அன்றைக்கே டிவியை நிறுத்திவிட்டேன், மாமிக்குக் கொஞ்சம் கோபம்தான். எனக்கு அந்தச் சண்டையும் அழுகையும்கூடப் பெரிதாகப் படவில்லை, வீட்டில் இல்லாத சண்டையா? சாமியை வெறும் செட்டாக வைத்திருக்கிறார்களே, அதுதான் பொறுக்கவில்லை.

இந்த நாடகத்தில் பார், பூஜையறை மாதிரி எதுவுமே இல்லை. நிலக்கரிச் சுரங்கம் வெடித்து நாற்பதுக்கும் மேற்பட்ட ஆண்கள் செத்துப்போன ஊர். பணக்கார வீட்டுப் பெண் ஒருத்தி டீச்சராக வருகிறாள், ஊர்ச் சர்ச் எரிந்துபோனதால் சாராயக் கடைக்குள் வைத்துப் பாடம் நடத்துகிறாள். புருஷனையும் மகனையும் ஒரே நாளில் சுரங்கத்தில் பறிகொடுத்த அபிகெயில் என்ற அம்மாதான் அவளுக்குத் துணை. அந்த அம்மா ஜெபம் செய்கிறாள், ஆண்டவர் மேல் கோபமும் படுகிறாள், ஆனாலும் பக்கத்து வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறாள். நம்பிக்கையை யாரும் பிரசங்கம் பண்ணவில்லை, சமைப்பதிலும் பிள்ளை வளர்ப்பதிலுமே அது தெரிந்துவிடுகிறது.

அதிலே ஒரு இடம் வருமே, செத்தவர்களின் மனைவிமாரிடம் கம்பனி வந்து வீட்டைக் காலி பண்ணச் சொல்லுகிற இடம். வீடு சுரங்கத்தில் வேலை செய்கிறவனுக்குத்தானாம். கடைசியில் அந்தப் பெண்களே சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்து வீட்டைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள். வல்லாரைக் கட்டைக் கையில் பிடித்தபடியே மாமி சொன்னார், "இது நம்ம தேயிலைத் தோட்டத்து லயத்துக் கதையில்ல?"

எனக்கு அப்பா செத்த வருஷம் ஞாபகம் வந்துவிட்டது. முப்பதாம் நாள் காரியம் முடியவில்லை, தோட்டத்திலிருந்து ஆள் வந்து, இந்த வீட்டில் யாரும் தோட்ட வேலைக்குப் பேர் பதியவில்லை என்றால் லயத்தில் நாங்கள் இருந்த காம்பரா அறையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலையில் அக்கா எட்டாம் வகுப்புப் புத்தகங்களைத் துணிப்பையில் போட்டு என்னிடம் தந்துவிட்டு, அம்மாவின் பழைய கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போனாள். போகும் முன்பு மாடத்தில் இருந்த மாரியம்மன் படத்துக்கு முன்னால் நின்றாள். வாய் அசையவில்லை. அழவும் இல்லை. அன்று ராத்திரி உன் அம்மா செபமாலையை மடியில் முடிந்துகொண்டு எங்கள் வீட்டில் வந்து படுத்தார், தொடர்ந்து ஒரு கிழமை. வேதக்கார வீட்டு அம்மா எங்கள் அம்மாவுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு அவர்கள் சாமியிடம் எங்களுக்காக வேண்டினாரே, அதை எந்த சீரியலில் காட்டினார்கள்?

இதைத்தான் நான் கேட்கிறேன். சுரங்கத்துக் கதையை அவர்கள் எழுதிக்கொண்டார்கள், நம் கதையை நாம் ஏன் எழுதவில்லை? 1982இல் ரூபவாஹினி டிவி தொடங்கியதிலிருந்து சிங்களத்தில் எவ்வளவு நல்ல டெலி நாடகங்கள் வந்தன, குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிற மாதிரி. தமிழில் அந்த அளவு வளரவில்லை. பிதுருதலாகலை மலை மேலே, 2524 மீட்டர் உயரத்தில், டிவி டவரைக் கட்டிவிட்டார்கள், அதற்குக் கீழே குளிரில் நடுங்கிக்கொண்டு கொழுந்து பறிக்கிறவளின் வீடு அதில் வரக் காணோம். பெரிய செலவும் வேண்டாமடி. ஒரு லயம், ஆறு காம்பரா, தண்ணீர் பிடிக்க ஒரு பீலி. ரமழானில் கடை முதலாளி நோன்புக் கஞ்சி கொடுத்து அனுப்பட்டும். சீசனில் சிவனொளிபாதமலைக்குப் போகிற சனம் விடியற்காலையில் ஹட்டன் ஸ்டேஷனில் கம்பளியோடு இறங்கட்டும். பண்டாரம் மாரியம்மனுக்குப் படையல் போடட்டும். இவர்களுக்குள் ஒரு பிரச்சினை வந்து அதை எப்படித் தீர்த்தார்கள் என்று காட்டினால் போதும், நான் நூறு எபிசோட் பார்ப்பேன்.

நம்மிடம் இல்லாததும் இல்லை. மாசியில் தோட்டத்தில் ஆடுகிற காமன் கூத்து ஞாபகம் இருக்கிறதா? ரதி வேஷம் கட்டுகிறவர் பகலில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர், ஆனால் கூத்துக்குக் கம்பம் ஊன்றிய நாளிலிருந்து கறி மீன் தொடமாட்டார், தண்ணி போடமாட்டார், அந்த நாட்களில் அவர் பொண்டாட்டியே அவரை வாங்க போங்க என்றுதான் பேசுவாள். சிவன் நெற்றிக் கண்ணைத் திறந்து மன்மதன் எரிந்ததும் ரதி வைக்கிற ஒப்பாரியில் லயத்துப் பொம்பளைகள் அவரவர் வீட்டுச் சாவை நினைத்து அழுவார்கள். எங்கள் அம்மாவும் அப்படி அழுதுதான் ஆறினாள், வீட்டில் அவள் அழுது நான் பார்த்ததில்லை. பிள்ளை குட்டி, கிழவன் கிழவி, எல்லாரும் ஒன்றாக இருந்து பார்த்தோம், பார்க்கக் கூடாத காட்சி என்று ஒன்றுகூட இருக்காது.

பேத்திக்கு இதைச் சொன்னேன். இந்த மாசியில் கூட்டிப்போ என்று நிற்கிறாள். கீழ் டிவிஷனில் பொடியன்கள் கம்பம் ஊன்றப் போகிறார்களாம், எமன் வேஷத்துக்கு ஆள் கிடைத்துவிட்டதாம், ரதிக்குத்தான் தேடுகிறார்கள். நீயும் லீவு போட்டுக்கொண்டு வா, அண்ணனையும் கூட்டி வா. கம்பளி கொண்டுவர வேண்டாம், என்னிடம் இரண்டு இருக்கிறது.

உன் பழைய சிநேகிதி,
ஹட்டனிலிருந்து