2024–25 ஆண்டறிக்கை: கரையோரக் கண்காட்சிகளும் வெளிநாட்டு மாணவர் ஓவிய முகாமும்

பொதுக்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் சங்கம் செய்த பணிகளை இங்கே வைக்கிறேன். வரவு செலவு பொருளாளர் அறிக்கையில் தனியே இருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டத்தில் நம் கரையோர ஊர்களில் நடத்திய கண்காட்சிகளும், வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் நுண்கலைப் பிரிவு மாணவர்கள் நம்மிடம் தங்கிப் பயின்ற முகாமும்தான் இந்த ஆண்டின் பெரும்பணி. அடுத்த ஆண்டு பொறுப்பேற்பவர்களுக்கு உதவட்டும் என்று வேலை முறைகளைச் சற்று விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

முதல் கண்காட்சியை மீன்பிடித் தடைக்காலத்தில், மீன் ஏலக்கூடத்தில் வைத்தோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. ஏலக்கூடம் காலியாக இருக்கும், குடும்பத்தோடு வந்து பார்க்க மக்களுக்கும் நேரம் இருக்கும். ஆனால் கூடத்தைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிய மறுநாளே படம் மாட்டக் கூடாது. அதிலிருந்து வரும் குளோரின் வாடை தாளின் வண்ணத்தையும் வெளுக்க வைக்கும், இரும்பையும் அரிக்கும். கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, கதவைத் திறந்துபோட்டு இரண்டு நாளாவது காயவிட வேண்டும். பகல் வெயிலில் யாரும் வருவதில்லை என்பதால் மாலை ஐந்து மணிக்குத் திறந்தாலே போதும்.

இரண்டாவது கண்காட்சி மழைக்காலம் முடிந்து ஜனவரியில், கீழக்கரையில் பள்ளிக் கூடம் ஒன்றில் நடந்தது. அங்கே சிக்கல் சுவரில் இருந்தது. கடற்கரை மணல் கலந்து பூசிய பழைய சுவர்களில் மழைக்குப் பிறகு உப்புப் பூக்கும். அந்தச் சுவரில் சட்டத்தை ஒட்டி மாட்டினால் ஈரம் பின்பக்க அட்டை வழியாக ஏறிப் பூஞ்சை பிடித்துவிடும். சட்டத்தின் பின்னால் நான்கு மூலையிலும் அரை அங்குலத் தக்கை ஒட்டிக் காற்றுப் போக வழி விட்டோம். சுண்டினால் பொருபொருவென உதிரும் சுவரில் மாட்டவே இல்லை, முன்னால் மரத்தட்டி நிறுத்தி அதில் மாட்டினோம். நாப்தலீன் உருண்டை பூச்சிக்குத்தான் ஆகும், பூஞ்சையைத் தடுக்காது. படப்பெட்டிக்குள் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பை வையுங்கள். அதிலுள்ள நீல மணி வெளிர்சிவப்பாக மாறினால் ஈரம் நிறைந்துவிட்டது என்று பொருள். 120 டிகிரி செல்சியஸ் சூட்டில் இரண்டு மணி நேரம் வாட்டினால் பழைய நிறத்துக்குத் திரும்பும். நீல மணியில் கோபால்ட் உப்பு இருப்பதால் சமையலறை அடுப்பிலோ சோற்றுப் பாத்திரத்திலோ வாட்டக் கூடாது.

ஆணி, திருகு, கம்பி எல்லாம் எவர்சில்வரில்தான் வாங்க வேண்டும். இரும்பு ஆணி நம் காற்றில் ஒரு வாரத்துக்குள் துருவைக் கசிந்து, அட்டையில் பழுப்புக் கோடாக இறக்கிவிடும். நைலான் கயிறு சூட்டில் தளர்ந்து படம் சாய்கிறது. படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ உயரத்தில் இருக்கட்டும். பள்ளிப் பிள்ளைகள் வரும் நாளுக்குக் கீழ்வரிசை ஒன்றை 120 செ.மீ-யில் வைத்ததற்கு நல்ல பலன் இருந்தது. மேற்குச் சன்னலுக்கு எதிரே நீர்வண்ணம் வேண்டவே வேண்டாம். தாளில் செய்த படைப்புக்கு 50 லக்ஸ் வெளிச்சம் போதும்.

இனி முகாம். முகாமை நடத்துவதைவிட அதற்கு முந்தைய காகித வேலையே நீண்டது. மின் சுற்றுலா விசாவில் கலை, கைவினை சார்ந்த குறுகிய காலப் பயிற்சி பெற அனுமதி உண்டு. ஆனால் அது முறையான பாடத்திட்டமாக இருக்கக் கூடாது, ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது, தகுதிச் சான்றிதழும் தரக் கூடாது. பாட மதிப்பெண்ணோடு நடக்கும் திட்டமென்றால் எந்த விசா என்பதைப் பல்கலைக்கழகமே தூதரகத்தில் கேட்டு எழுத்தில் தர வேண்டும். நாம் சான்றிதழ் அச்சடித்துக் கொடுத்து மாணவர்களைச் சிக்கலில் மாட்டிவிடக் கூடாது. வெளிநாட்டவரைத் தங்கவைக்கும் வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை (அந்த ஆண்டில் படிவம் 'சி'-யில்) இணையத்தில் பதிய வேண்டும். அதற்கான கணக்கை முன்பே திறந்து வைக்காவிட்டால், மாணவர் வந்து இறங்கிய இரவில் எதுவும் நடக்காது. வெளிநாட்டு நன்கொடை பெறும் பதிவு நம்மிடம் இல்லை. ஆகவே தங்குமிடம், சாப்பாடு, வண்டி வாடகையை மாணவர்கள் உரியவர்களிடம் நேரடியாகக் கொடுத்தார்கள். பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரிலிருந்து ரயில் ஓடாததால் எல்லாரையும் மண்டபம் ரயில் நிலையத்தில் இறக்கிச் சாலை வழியாக அழைத்துப் போனோம்.

பயிற்சியின் அடித்தளம் ராமநாதபுரம் அரண்மனையின் இராமலிங்க விலாசம். 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தில் தீட்டப்பட்ட சுவரோவியங்கள் அவை. தஞ்சை மராத்தியரோடு நடந்த போரும், ஐரோப்பியர் மன்னரைச் சந்திக்கும் காட்சியும், இராமாயணமும் ஒரே மண்டபத்தில் இருக்கின்றன. நம் மாவட்டத்துப் பிள்ளைகளே பலர் அதை இன்னும் பார்த்ததில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம். தொல்லியல் துறைக்குப் பெயர்ப் பட்டியலோடு முன்கூட்டியே கடிதம் தர வேண்டும். உள்ளே பென்சில் மட்டும்தான். வண்ணம், தண்ணீர், ஃபிளாஷ் மூன்றுக்கும் தடை என்று நாமே விதி வைத்தோம். தோள்பை சுவரில் உரசுவதுதான் பெரிய ஆபத்து, அதனால் பைகளை வாசலிலேயே வைத்துவிடச் சொன்னோம்.

பார்த்ததைக் கையால் செய்து பழகச் சுண்ணாம்புப் பூச்சில் பலகை தயாரித்தோம். கம்பி வலை துருப்பிடிக்கும் என்பதால் ஓரடிச் சதுரத் தட்டோட்டை அடியாக வைத்தோம். ஓட்டை முதலில் தண்ணீரில் நன்றாக ஊறவிட வேண்டும். காய்ந்த ஓடு பூச்சின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், பிறகு பூச்சு தட்டுத் தட்டாகப் பெயரும். நீற்றி ஊறவைத்த கிளிஞ்சல் சுண்ணாம்பு ஒரு பங்குக்கு, உப்பில்லாத ஆற்று மணல் சலித்தது இரண்டு பங்கு. கடுக்காய் ஊறலும் கொஞ்சம் கருப்பட்டித் தண்ணீரும் சேர்த்துக் குழைக்க வேண்டும். அடிப்பூச்சு இறுகியபின் மேல்பூச்சை மெல்லியதாக இழுத்துக் கரணையால் மழமழவென்று தேய்க்க வேண்டும். நம் கடற்காற்று ஒரே மதியத்தில் மேற்பரப்பைக் காயவைத்துவிடும். ஈரம் இருந்தால்தான் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுத்து இறுகும். அவசரமாகக் காய்ந்தது தொட்டால் மாவாக ஒட்டும். ஈரச்சாக்கு போட்டு நிழலில் வைப்பதே இதற்கு வழி. காய்ந்த பூச்சின் மேல் மஞ்சள் காவி, செங்காவி, விளக்குக் கரி ஆகியவற்றைக் கருவேலம் பிசினில் குழைத்துத் தீட்டினார்கள். பிரஷ்யன் நீலம் சுண்ணாம்பின் காரம் பட்டால் பழுப்பாகிவிடும், நீலம் வேண்டுமென்றால் அல்ட்ராமரின்தான்.

இந்தப் பலகையில் பூச்சு மட்டும் 2 செ.மீ கனத்துக்கு ஏறத்தாழ 3 கிலோ வரும். விமானத்தில் கொண்டுபோக முடியாது என்பதால் எல்லாம் நம்மிடமே தங்கின. தாள் ஓவியங்களுக்கு இடையே பட்டர் பேப்பர் வைத்துத் தட்டையாகக் கட்டினோம். அக்ரிலிக் துணியை வண்ணம் வெளிப்பக்கம் இருக்கும்படி பி.வி.சி. குழாயில் சுற்ற வேண்டும், உள்பக்கமாகச் சுற்றினால் விரிக்கும்போது வெடிக்கும். எண்ணெய் வண்ணம் புறப்படும் நாளுக்குள் காயாது. குறுகிய முகாமுக்கு அது ஒத்துவராது என்பது என் முடிவான கருத்து.

கரையில் வரையப் போகும்போது ஒரு கண்டிப்பு வேண்டும். ஒதுங்கிக் கிடக்கும் பவளத் துண்டு, காய்ந்த கடற்குதிரை, கடல் அட்டை எதையும் படைப்பில் ஒட்டவென்று எடுக்கக் கூடாது. இவை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அடங்கியவை, விமான நிலையப் பெட்டிச் சோதனையில் அகப்பட்டால் வழக்காகும். மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் எதிலும் வனத்துறை அனுமதியின்றி இறங்கக் கூடாது. தனுஷ்கோடியில் மணல் காற்று ஈர வண்ணத்தில் ஒட்டுகிறது, அங்கே வெறும் பென்சில் குறிப்போடு திரும்புவது நல்லது.

முகாமில் பனையோலைப் பின்னல் கற்றுத்தந்த பெண்களுக்கு விருந்தினர் ஆசிரியருக்கு உரிய அதே மதிப்பு தரப்பட்டது. அவர்கள் பெயர் 'உதவி' என்ற தலைப்பில் இல்லாமல் ஆசிரியர் வரிசையிலேயே அச்சானது. இனியும் இப்படியே அச்சாக வேண்டும்.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு மூன்று தீர்மானங்களை வைக்கிறேன். முகாம் ஜனவரி இறுதி முதல் மார்ச் முதல் வாரத்துக்குள் மட்டும் நடக்க வேண்டும். மாணவர் படைப்புகள் ஊரை விட்டுப் போகுமுன், நம் ஓவியர்களின் படைப்புகளோடு ஒரே கூடத்தில், சம அளவு சுவரில் இங்கே காட்சிக்கு வைக்கப்பட வேண்டும். இதைப் பல்கலைக்கழகத்துடனான ஒப்பந்தத்தின் முதல் நிபந்தனையாக எழுத வேண்டும். நம்மிடம் உள்ள சுண்ணாம்புப் பலகைகளை, உப்புப் பூக்காத சுவருள்ள அரசுப் பள்ளிகளுக்கு மாட்டும் குறிப்போடு வழங்க வேண்டும். விரும்பும் பள்ளிகளின் பெயரை உறுப்பினர்கள் இந்தக் கூட்டத்திலேயே தரலாம்.

இப்படிக்கு,
செயலாளர்