எந்தச் சுறா என்று முதலில் தெரியட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கடலூர் துறைமுகத்தில் ஏலம் நடக்கும்போது பாருங்கள், குட்டிச் சுறாவும் சுறா போலவே இருக்கும் உளுவையும் திருக்கையும் ஒரே குவியலாகக் கிடக்கும், தலையையும் துடுப்பையும் வெட்டிக் கருவாடாகக் காயப்போட்டுவிட்டால் அது எந்த இனம் என்று பழகின மீனவருக்கே சொல்ல வராது. ரம்பம் போல நீண்ட மூக்குள்ள வேளா மீனைச் சட்டப்படி பிடிக்கக் கூடாது, சுறாத் துடுப்பு ஏற்றுமதிக்கும் 2015இல் தடை வந்துவிட்டது. சரி, ஆனால் இனமே தெரியாமல் எதைக் காப்பாற்றுவது?

நகக்கண் அளவு சதையை எத்தனாலில் போட்டு வைத்தால் போதும், டிஎன்ஏவை வைத்து இனத்தைக் கண்டுபிடிக்கலாம், கருவாட்டுத் துண்டிலிருந்துகூட முடியும். அப்புறம் இன்னொன்று: வங்கக்கடல் சுறாவும் அரபிக்கடல் சுறாவும் ஒரே கூட்டமா என்பதும் மரபணுவில்தான் தெரியும், தனிக்கூட்டம் என்றால் இங்கே அழிந்ததை அங்கிருந்து வந்து நிரப்ப ஆளில்லை. சுறா ஒன்றும் மத்தி போல ஆயிரக்கணக்கில் முட்டையிடுவதில்லை, வருடக்கணக்கில் வளர்ந்து சில குட்டிகள்தான் போடும்.

பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் பக்கத்திலேயே இருக்கிறது. மீன்வளத் துறை அவர்களோடு சேர்ந்து ஏலக்கூடத்திலேயே தொடர்ந்து மாதிரி எடுக்க வேண்டும், மாதிரி கொடுக்கும் மீனவர் மேல் வழக்குப் பாயாது என்ற உறுதியோடு.

ஒரு வாசகர்,
கடலூர் முதுநகர்