ஹெட்லைட்டுக்குள் தண்ணீர்: கார் நிறுவனத்துக்கு ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
மேல்நிலைப் பள்ளி இயற்பியல் ஆசிரியை,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கார் நிறுவனத் தலைமை அலுவலகம்.

பொருள்: இடப்பக்க ஹெட்லைட்டில் தண்ணீர் புகுந்திருப்பது, அதன் வெளிச்சம் மேலே தூக்கி அடிப்பது, மூன்று முறை சர்வீஸ் சென்டருக்குப் போயும் சரி செய்து தராதது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

போன வருடம் ஓணத்துக்கு முந்தின வாரம் உங்கள் நிறுவனத்தின் காரை நாகர்கோவிலில் வாங்கினேன். மார்த்தாண்டத்தில் டிஎன் 75 வரிசையில் பதிவு செய்தேன். இதுவரை 11,400 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பிரேக், ஏசி, மைலேஜ் எதிலும் எனக்குக் குறையில்லை. மழையில், ராத்திரியில், வழி தெரியவில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

ஜூன் இரண்டாவது வாரம். இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு ராத்திரி, குவைத்திலிருந்து வந்த என் தம்பியைக் கூட்டிவர அம்மாவோடு திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் போயிருந்தேன். திரும்பும்போது டிக்கியில் தம்பியின் இரண்டு பெட்டிகள், பின் சீட்டில் அம்மாவும் இன்னும் இரண்டு பைகளும். களியக்காவிளை தாண்டி மார்த்தாண்டம் வரை கடை வெளிச்சம், தெருவிளக்கு, முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்கு என்று ஏதோ ஒன்று துணைக்கு வந்தது. மார்த்தாண்டத்தில் திரும்பி ஆற்றூர், திருவட்டாறு வழியாகக் குலசேகரம் போகிற சாலையில் ஏறியதும் அந்தத் துணை போய்விட்டது. இரண்டு பக்கமும் ரப்பர் தோட்டம், வளைவுக்கு மேல் வளைவு. வண்டியின் விளக்கை விட்டால் வேறு வெளிச்சம் இல்லை.

வைப்பர் முழு வேகத்தில் ஓடியது. ஆனாலும் முன்னால் யாரோ வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்த மாதிரி இருந்தது. பிரைட் போட்டுப் பார்த்தேன், இன்னும் மோசம். மறுபடி டிம்முக்கே வந்தேன். சாலையின் வலப்பக்கம் கொஞ்சம் தெரிந்தது. இடது ஓரத்தில் தார் எங்கே முடிகிறது, மண் எங்கே தொடங்குகிறது என்பதே தெரியவில்லை. வேகம் 40-க்குக் கீழேதான் இருந்தது. ஆற்றூர் தாண்டியபோது எதிரே ஒரு டெம்போ வந்தது. அதன் வெளிச்சம் நனைந்த தாரில் பட்டு என் கண்ணில் அடித்த அந்த இரண்டு மூன்று நொடி, எனக்கு எதுவுமே இல்லை. அது கடந்ததும் தம்பி "அக்கா, ஆளு!" என்று கத்தினான்.

வண்டி நின்றபோது பம்பருக்கு ஒரு முழம் தள்ளி ஒரு பெரியவர். சைக்கிளை உருட்டிக்கொண்டு போகிறார். கேரியரில் இரண்டு ஏத்தன் வாழைக்குலை. குலைக்கும் தன் தலைக்குமாகச் சேர்த்து ஒரே கறுப்பு பிளாஸ்டிக் ஷீட்டைப் போர்த்தியிருந்தார். ஷீட்டின் நுனியை ஒரு கையால் தாடைக்குக் கீழே இறுக்கிப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தார். கோபப்பட்டுத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். "பைய போ மக்ளே, மழையில்லா" என்று சொல்லிவிட்டு ஓரமாக ஒதுங்கி நின்றார். வீடு வந்து சேரும்வரை அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை.

காலையில் மழை கொஞ்சம் விட்டதும் வண்டியின் முன்னால் குனிந்து பார்த்தேன். இடப்பக்க ஹெட்லைட்டின் கீழ்மூலையில், உள்ளே, ஒரு தேக்கரண்டி அளவு தண்ணீர் தேங்கிக் கிடந்தது. பானட்டை அசைத்தால் அதுவும் ஆடியது. அதற்கு மேலே உள்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் துளிகள். வலப்பக்க விளக்கு துடைத்து வைத்தது போல் இருந்தது.

உங்கள் சர்வீஸ் சென்டருக்கு முதல் முறை போனபோது, "மழைக்காலத்தில் எல்லா வண்டிக்கும் வரும் மேடம், இது நார்மல்" என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது முறை, விளக்கின் பின்பக்க ரப்பர் மூடியைக் கழற்றி ஹேர் டிரையரால் சூடு காட்டி, 1,180 ரூபாய் பில் போட்டார்கள். நான்கு நாளில் தண்ணீர் திரும்பவும் வந்தது. மூன்றாவது முறை, பிரஷர் பம்ப் வைத்துக் கழுவியதால் தண்ணீர் புகுந்திருக்கிறது, அதனால் வாரன்ட்டி கிடையாது, விளக்கை முழுசாக மாற்ற 22,500 ரூபாய் ஆகும் என்றார்கள். என் வீட்டில் பிரஷர் பம்பே கிடையாது. கிணற்றில் கோரிய தண்ணீரை வாளியில் வைத்துத் துணியால் துடைப்பதுதான் வழக்கம்.

எது நார்மல் என்பதை நானும் தெரிந்துகொண்டுதான் பேசுகிறேன். விளக்குக்குள் காற்றோட்டத்துக்கு வழி உண்டு. குளிர்ந்த மழை வெளியே அடிக்கும்போது உட்பக்கம் லேசாகப் பனிப்பு படிந்து, பிறகு தானே காய்ந்துவிடும். அதை நார்மல் என்று சொன்னால் ஏற்றுக்கொள்வேன். துளி துளியாக நின்று, வழிந்து, அடியில் குளம் கட்டுவது சீல் விட்டுப்போனதற்கு அடையாளம். என் பழைய காரில் 55 வாட் ஹாலஜன் பல்பு இருந்தது. அந்தச் சூட்டிலேயே முன்பக்கம் காய்ந்துவிடும். இப்போதைய எல்இடி விளக்கு தன் சூட்டை முன்னால் அனுப்புவதில்லை, பின்னால் இருக்கும் உலோகத் தகட்டுக்குக் கொடுக்கிறது. முன்பக்கம் குளிர்ந்தே இருக்கும். ஆகவே எல்இடி விளக்குக்குள் ஒரு தடவை தண்ணீர் புகுந்தால் லேசில் போகாது. ஹாலஜன் காலத்தில் சொன்ன பதிலை எல்இடி வண்டிக்கும் சொல்ல முடியாது.

தண்ணீரோடு விஷயம் முடிந்திருந்தால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். வாங்கிய நாளிலிருந்தே எதிரே வருகிறவர்கள் எனக்கு லைட் அடித்துக் காட்டுவார்கள். டிம்மில்தானே போகிறேன், ஏன் அடிக்கிறார்கள் என்று குழம்பியிருக்கிறேன். அந்த ராத்திரிக்குப் பிறகுதான் சந்தேகம் வந்தது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம், தலைமை ஆசிரியரிடம் அனுமதி வாங்கி, காரைப் பள்ளி மைதானத்துக்குக் கொண்டு போனேன். நீளம் தாண்டுதல் அளக்கிற டேப்பை உடற்கல்வி ஆசிரியரிடம் வாங்கி, சுற்றுச்சுவரிலிருந்து சரியாக 10 மீட்டர் தள்ளி வண்டியைச் சமதரையில் நிறுத்தினேன். விளக்கின் மையம் தரையிலிருந்து 70 சென்டிமீட்டர். அந்த உயரத்தில் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன்.

டிம் வெளிச்சம் சுவரில் விழுந்தால் மேலே ஒரு தெளிவான விளிம்பு தெரியும். நம் நாட்டு வண்டிகளில் அந்த விளிம்பு வலப்பக்கம் படுகிடையாக இருக்கும், நடைபாதைப் பக்கமான இடது ஓரத்தில் மட்டும் சற்று ஏறும். 10 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர் அளவாவது விளிம்பு தாழ்ந்திருக்க வேண்டும், அதாவது 60-ல் விழ வேண்டும். வலது விளக்கு அச்சாக 60-ல் விழுந்தது. இடது விளக்கின் படுகிடை விளிம்பு 74-ல் இருந்தது. விளக்கை விட உயரத்தில் விளிம்பு இருந்தால் அந்த வெளிச்சம் எவ்வளவு தூரம் போனாலும் தரைக்கு இறங்காது. அது டிம்மே இல்லை.

பிறகு அன்று காரில் இருந்த எடைக்கு ஈடாக டிக்கியில் இரண்டு 25 கிலோ அரிசிச் சாக்குகளை வைத்து, பின் சீட்டில் சக ஆசிரியைகள் இருவரை உட்காரவைத்தேன். பின்பக்கம் அமுங்கியதும் முன்பக்கம் தூக்கியது. வலது விளிம்பு 73, இடது 87. இதற்காகத்தானே ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் 0 முதல் 3 வரை போட்ட சின்னச் சக்கரத்தை வைத்திருக்கிறீர்கள்? அதை 3-க்குத் திருப்பினேன். வலது வெளிச்சம் மெல்ல இறங்கி 58-ல் நின்றது. இடது அசையவே இல்லை. திரும்பத் திரும்பத் திருப்பிப் பார்த்தேன். வலது விளக்கினுள் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது, இடதில் சத்தமே இல்லை. வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் மோட்டார் அந்தப் பக்கம் செத்துக் கிடக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 மீட்டரில் 17 சென்டிமீட்டர் ஏறுகிற வெளிச்சம் 50 மீட்டரில் 155 சென்டிமீட்டருக்கு வந்துவிடும். எதிரே ஸ்கூட்டியில் வருகிறவரின் கண் ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் இருக்கும். ஏறக்குறைய ஒரு வருடமாக எத்தனை பேர் கண்ணைக் கூசவைத்திருக்கிறேன் என்று நினைத்தால் எனக்கு மனசு பொறுக்கவில்லை.

மழையில் அன்று ஏன் ஒன்றும் தெரியவில்லை என்பதும் அந்தச் சுவரிலேயே விளங்கியது. மேலே போகிற வெளிச்சம் ஒவ்வொரு மழைத்துளியிலும் பட்டு, அதில் ஒரு பங்கு திரும்பி ஓட்டுகிறவர் கண்ணுக்கே வருகிறது. அந்த வெள்ளை வேட்டி அதுதான். பிரைட் போட்டால் இன்னும் மோசமாவதும் இதனால்தான். தரையில் விழுகிற வெளிச்சத்துக்கோ வேறு கதி. காய்ந்த தார் வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும், அதனால் சாலை நம் கண்ணுக்குத் தெரியும். மேலே தண்ணீர் படிந்துவிட்டால் தார் கண்ணாடியாகிவிடும். நம் வெளிச்சத்தை முன்னால் தள்ளிவிடும், எதிரே வருகிற வெளிச்சத்தை நம்மிடம் அனுப்பும். ஆகவே மழையில் நல்ல விளக்குக்கே பாதி பலம்தான். அந்தப் பாதியையும் தரைக்குக் கொடுக்காமல் ஆகாயத்துக்குக் கொடுக்கிற விளக்கை என்ன செய்வது? உள்ளே நிற்கிற துளிகள் வேறு, வெளிச்சத்தின் விளிம்பையே கலைத்துவிடுகின்றன. அன்று அந்தப் பெரியவர் போய்க்கொண்டிருந்ததும் இடது ஓரத்தில்தான்.

இந்த அளவுகளை எழுதி, சுவரின் படங்களோடு மூன்றாவது முறை சர்வீஸ் சென்டரில் கொடுத்தேன். அங்கிருந்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார், அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் தாளை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, மஞ்சள் பிலிம் ஒட்டித் தரட்டுமா, பாக் லேம்ப் (பனிவிளக்கு) செட் போட்டுத் தரட்டுமா என்று கேட்டார். மஞ்சள் வெளிச்சம் மழையையும் பனியையும் துளைத்துக்கொண்டு போகும் என்பது பலரும் நம்புவது. நிறத்துக்கு நிறம் சிதறல் மாறுவது காற்று மூலக்கூறு அளவுக்குச் சிறிய துகள்களில். வானம் நீலமாக இருப்பது அதனால். மழைத்துளியும் பனித்துளியும் ஒளியின் அலைநீளத்தை விடப் பல மடங்கு பெரியவை. அவை எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். மஞ்சள் சிலருக்குக் கண் கூசாமல் இருக்கலாம், ஆனால் பிலிம் ஒட்டினால் இருக்கிற வெளிச்சமும் குறையும். பாக் லேம்ப் நல்ல பொருள். தாழ்வாக இருந்து, அகலமாக, தரையை ஒட்டி அடிப்பதால் பக்கத்தில் இருக்கும் சாலை ஓரம் தெரியும். ஆனால் பழுதான ஹெட்லைட்டை வைத்துக்கொண்டு, அதை மறைக்க நான் இன்னொரு விளக்கைக் காசு கொடுத்து வாங்க வேண்டுமா?

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், முன்விளக்கு 155 மீட்டர் தூரத்தில் இருக்கும் ஆளையும் வண்டியையும் தெளிவாகக் காட்ட வேண்டும் என்கின்றன. எதிரே வருகிறவர் கண் கூசாதபடி வெளிச்சம் தாழ்ந்திருக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. என் காரின் இடது விளக்கு இரண்டாவது விதியைச் சுவரிலேயே மீறுகிறது. இதைச் சரியாக வைத்து விற்பது உங்கள் பொறுப்பு.

எங்கள் மாவட்டத்தில் ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை. மழை ஓய்ந்த நாட்களில் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் விடியுமுன்னே நெற்றியில் சின்ன விளக்கைக் கட்டிக்கொண்டு இதே சாலை ஓரமாக நடந்து போவார்கள். பேச்சிப்பாறைப் பக்கமிருந்து வரும் பால்காரர்கள், பூ ஏற்றப் போகிறவர்கள், முதல் பஸ்ஸைப் பிடிக்க நிற்கிறவர்கள் என்று அந்த இருட்டில் எப்போதும் ஆள் உண்டு. ஐப்பசியில் வரும் துலா மழை தொடங்க இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கிறது. அதற்குள் இது சரியாக வேண்டும்.

நான் கேட்பது இதுதான். இடது ஹெட்லைட்டை மோட்டாரோடு முழுசாக, மூன்று வருட வாரன்ட்டியில், காசு வாங்காமல் மாற்றித் தர வேண்டும். மாற்றிய பிறகு இரண்டு விளக்கையும் என் முன்னால் வைத்து, ஆள் ஏற்றியும் ஏற்றாமலும் அளந்து, அந்த அளவை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். ஹேர் டிரையருக்கு வாங்கிய 1,180 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். இன்னொன்று, எனக்காக மட்டும் கேட்பதில்லை: வண்டியைக் கையில் கொடுக்கிற அன்றே விளக்கின் மட்டத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், அந்தச் சின்னச் சக்கரம் எதற்கென்று வாங்குகிறவருக்குக் காட்டச் சொல்லுங்கள். எனக்கு டெலிவரி கொடுத்த அன்று மாலை போட்டார்கள், கேக் வெட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள். சக்கரத்தைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. என்னோடு வேலை பார்க்கிறவர்களில் கார் வைத்திருக்கும் ஆறு பேரிடம் கேட்டேன். ஒருவருக்குத்தான் அது என்னவென்று தெரிந்திருந்தது.

மூன்று ஜாப் கார்டுகளின் நகல், பில், தண்ணீர் நிற்கிற படம், சுவரில் எடுத்த நான்கு படங்கள் எல்லாவற்றையும் இதோடு வைத்திருக்கிறேன். 15 நாளில் எழுத்து மூலம் பதில் வராவிட்டால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இதே தாள்களோடு மனு கொடுப்பேன். உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. மூன்று முறை லீவு போட்டு நாகர்கோவிலுக்கு அலைந்த பிறகு எனக்கு வேறு வழி தெரியவில்லை.

உங்கள் பொறியாளர் ஒருவரை நேரில் அனுப்பினாலும் நல்லதுதான். வேலை நாளில் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் பள்ளியில் இருப்பேன். வெளிச்சம் நன்றாகத் தெரிய ஆறே முக்கால் ஆகிவிடும், அதுவரை காத்திருக்கச் சொல்லுங்கள். சாக்பீஸ் கோடு மழையில் அழிந்துவிட்டது. ஆனால் 60, 70, 87 என்று மூன்று இடத்திலும் ஆணியால் கீறி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
குலசேகரம்.